யாழ். மருத்துவ பீடத்தின் புதிய கட்டடத்தை எழுப்பியவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எல்லோருக்கும்,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பீடாதிபதிகளாக இருந்தவர்கள், இருப்பவர்கள், பேராசிரியர்கள், வரைபடம் கீறிய பொறியியலாளர்கள், கொழும்பில் கோப்பை மேசைக்கு மேசை நகர்த்திய அதிகாரிகள், கடல் கடந்து போயும் பீடத்தைக் கைவிடாத பழைய மாணவர்கள், சாரத்தில் ஏறி நின்று வேலை செய்த மேசன்மார், கம்பி வளைத்தவர்கள், வயர் இழுத்தவர்கள், மண் சுமந்தவர்கள் என்று எல்லோரையும் சேர்த்தே எழுதுகிறேன். யாரையாவது விட்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2024 மே மாதம் மருத்துவ பீடத்தின் பயிற்சி, ஆராய்ச்சிக் கட்டடத் தொகுதி திறக்கப்பட்டபோது உங்களுக்கு வாழ்த்துகள் குவிந்திருக்கும். பத்திரிகையில் படங்களும் வந்தன. வன்னியிலிருந்து ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். பிந்தி வருகிற கடிதம்தான். எங்கள் பக்கத்துக் கடிதங்கள் பிந்துவது புதிதல்லவே.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். வைத்தியசாலை அபிவிருத்திக் குழு ஒன்றிலும் இருக்கிறேன். அந்தக் குழுவுக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. கூடுவோம், பிளேன்ரீ குடிப்போம், மேலிடத்துக்கு என்ன எழுதலாம் என்று யோசிப்போம். அப்படியான ஒரு கூட்டத்தில்தான் உங்கள் கட்டடம் பற்றிய பேச்சு வந்தது. “அது யாழ்ப்பாணத்தாருக்குக் கட்டினது, எங்களுக்கென்ன?” என்று ஒருவர் கேட்டார். அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

வன்னியில் கட்டடங்களுக்கு அவ்வளவு பஞ்சமில்லை. 2009க்குப் பிறகு பாதை போட்டார்கள், பாலம் போட்டார்கள், ஓடு போட்ட மண்டபங்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு கல். அதில் திறந்துவைத்தவரின் பெயர். கல் இன்னும் பளபளப்பாக இருக்கிறது, உள்ளே போனால் கதவு பூட்டு. மருந்து கொடுக்க ஆள் இல்லை, ஆள் இருந்தால் மாற்றலாகிப் போவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பார். ஆளுக்காகக் காத்திருக்கும் கட்டடங்கள் இவை. நீங்கள் கட்டியது ஆளை உருவாக்குகிற கட்டடம். எங்களுக்குக் குறைந்தது எதுவோ அதைச் செய்து அனுப்புகிற இடம். அதனால்தான் இந்த நன்றி, அதுவும் இத்தனை நீளமாக.

எங்கள் ஆட்கள் எப்படி உங்களிடம் வந்து சேருகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் முடியாது என்றால் துண்டு எழுதி அம்புலன்ஸில் ஏற்றுவார்கள். குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டும்போது கூட வருகிற ஆள் வேட்டி முடிச்சில் இருக்கும் காசை எண்ணிப் பார்ப்பார். நோயாளிக்கு மருந்து இலவசம். கூட வந்தவருக்கு மூன்று நேரச் சாப்பாடும், படுக்க ஓர் இடமும், திரும்பிப் போகும் பஸ் காசும் இலவசமில்லை. இதயம், மூளை, சிறுநீரகம் என்று எது பெரிதாக வந்தாலும் எங்கள் ஊர் வாயில் வருவது ஒரே பதில்தான்: “பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.” யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையைத்தான் அப்படிச் சொல்வோம். புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை.

அதனால் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் உங்கள் மாணவர்கள் யாருடைய வயிற்றை அமுக்கிப் பார்த்துப் படிக்கிறார்கள் என்றால், பல நேரம் அது வன்னிக்காரரின் வயிறுதான். இந்த விஷயத்தை யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. மருத்துவம் படிக்கப் புத்தகமும் பேராசிரியரும் போதாது, நோயாளி வேண்டும். அதே கேள்விக்கு ஐந்தாவது தடவையும் பொறுமையாகப் பதில் சொல்கிற நோயாளி வேண்டும். எங்கள் சனம் அந்தப் பொறுமையை அள்ளிக் கொடுத்திருக்கிறது. சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் என்று அவர்களைச் சொல்வேன். ஆசிரியனாக இருந்தவன் சொல்கிறேன், அந்தப் பட்டத்தை நான் சும்மா கொடுப்பதில்லை.

ஆனால் அதில் ஒரு கூச்சமும் உண்டு. என் தாயாரை ஒரு பெரிய வைத்தியசாலையில் வைத்திருந்தபோது நடந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் ஒரு கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்றது. திரைச்சீலை பாதிதான் இழுபட்டது. நிபுணர் ஆங்கிலத்தில் கேட்கிறார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள், ஒரு பிள்ளை பிழையாகச் சொல்ல மற்றவை சிரிக்கின்றன. நடுவில் படுத்திருந்த அம்மா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். பிள்ளைகளில் பிழை இல்லை. அவர்கள் கூடிப் பேசுவதற்கு வேறு இடமில்லை, அவ்வளவுதான். பயிற்சிக்கென்றே ஒரு கட்டடம் எழுந்தால் கட்டிலருகில் பேச வேண்டியதைக் கட்டிலருகிலும், மிச்சத்தை ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டும் பேசலாம். பெரிய திட்ட அறிக்கைகளில் இதை ஒரு பயனாகக் குறிப்பிடுவார்களோ தெரியாது. வார்ட்டில் படுத்திருக்கிறவருக்கு இதுதான் முதல் பயன். இதற்காகவும் நன்றி.

உங்கள் பீடத்தின் வரலாறு உங்களுக்கே நான் சொல்லத் தேவையில்லை. என்றாலும் சிலவற்றை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். 1978இல் கைதடியில், ஆயுள்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில், இரவல் கூரையின் கீழ்த் தொடங்கிய பீடம் இது. போர்க்காலத்தில் ஐந்து வருடப் படிப்பு எட்டு ஒன்பது வருடமாக இழுபட்டது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எலும்புகளின் பெயரைப் பாடமாக்கியவர்கள் இன்று உலகம் முழுக்க நிபுணர்களாக இருக்கிறார்கள். 1987 ஒக்டோபரில் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளர்களோடு சேர்த்து வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் பீடத்தின் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. அதைத் திறந்து வைத்திருந்தவர்களில் பலர் இன்று ஓய்வில் இருப்பார்கள், சிலர் இல்லை. புதிய கட்டடத்தின் கணக்கில் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பாதை பூட்டிக் கிடந்தது. வன்னிக்கு மருந்து வருவதற்கே தடை. மலேரியா ஒரு வீடு விடாமல் வந்தது. நடுங்கிக்கொண்டே பரீட்சை எழுதிய பிள்ளைகளை நான் மேற்பார்வை செய்திருக்கிறேன். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தபோது எங்கள் ஊரில் வெடி கொளுத்தியிருக்க வேண்டும், ஒருவரும் கவனிக்கவில்லை. இரத்தத்துளி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சைக்கிள் உழக்கிய ஊழியர்களுக்கும் யாரும் மாலை போடவில்லை. நன்றி சொல்வதில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கஞ்சர்கள்.

2009இன் முதல் மாதங்களை நான் நீட்டப் போவதில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் ஷெல் விழுந்த பிறகு புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கினார்கள். மயக்க மருந்து தீர்ந்துபோன இடத்தில் விரல் எண்ணிக்கையான வைத்தியர்கள் நின்று வேலை செய்தார்கள். ஒரு வைத்தியர் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தை அன்றைக்கு அங்கே நின்ற சனம் அளந்து வைத்திருக்கிறது. ஒரு வைத்தியரை உருவாக்கும் இடத்துக்கு வன்னி ஏன் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

மேசன்மாரிடம் வருகிறேன். 2022இல் நாடு வங்குரோத்தானபோது சீமெந்து மூடையின் விலை ஒரு வருடத்துக்குள் மூன்று மடங்கானது. கம்பி விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. டீசலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. எங்கள் பக்கத்தில் அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் இன்றைக்கும் செடி மூடிக் கிடக்கின்றன. அப்படியான ஒரு காலத்தைத் தாண்டி ஒரு மாடிக் கட்டடத்தை நிமிர்த்தி முடித்தது சாதாரண காரியமல்ல. ஒப்பந்தக்காரர் கணக்குப் பார்த்துத் தலையில் கைவைத்திருப்பார், அவருக்கும் சேர்த்து நன்றி. ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது அந்த வெயிலில் கொங்கிறீற் ப்ளேட் போட்டவர்களை. வடக்கில் பெரிய கட்டட வேலை எங்கே நடந்தாலும் எங்கள் வட்டாரத்துப் பெடியங்கள் சிலர் போவதுண்டு. உங்கள் கட்டடத்திலும் அப்படி யாராவது நின்றிருக்கலாம். நாளைக்கு அவர்களின் பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள் ஸ்டெதஸ்கோப்போடு நடந்து போகட்டும்.

அது வெறும் ஆசையில்லை. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு நாற்பது இடம் நாடளாவிய திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையில், மிச்சம் ஐந்து கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. இதைச் சலுகை என்று முகம் சுழிப்பவர்களை நான் அறிவேன். தகரக் கொட்டிலில், இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்து வருகிற பிள்ளையின் புள்ளியை நகரத்துப் பிள்ளையின் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவருக்கு ஆசிரியத் தொழில் தெரியாது என்பது என் கருத்து. என்னிடம் படித்த சில பிள்ளைகள் அப்படி வந்து உங்களிடம் சேர்ந்தார்கள். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு முதல் வாரமே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுத் திகைத்துப் போனதாகச் சொன்னார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்திய விரிவுரையாளர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டுக்கே வந்து கும்பிட்டிருப்பேன்.

இந்த இடத்தில் சாமுவேல் கிறீன் ஐயாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, அடுத்த வருடமே மானிப்பாயில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கியவர். பிறகு நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே தங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. இன்றைக்கு மறுபடியும் தமிழில் மருத்துவப் பட்டம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது நடைமுறைக்கு வராது. ஆனால் அவருக்கு இருந்த கவலை அப்படியே இருக்கிறது. படித்து முடித்தவர் எங்கே தங்கப் போகிறார்? 2022க்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் விமானம் ஏறினார்கள் என்று நாடே பேசியது. போனவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. வன்னியில் பாதி வீட்டுக்கு வெளிநாட்டுக் காசுதான் அடுப்பெரிக்கிறது.

ஒருவர் எங்கே தங்குவார் என்பது பட்டம் வாங்கிய பிறகு முடிவாவதில்லை, படிக்கும்போது எந்த மண்ணை மிதித்தார் என்பதிலும் இருக்கிறது. நியமனக் கடிதம் வந்த பிறகுதான் மாங்குளம் எந்தப் பக்கம் என்று தேடுகிறவர், வந்து இறங்கும்போதே திரும்பிப் போகும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்பார். மாணவனாக ஒருமுறை வந்து, குளக்கட்டில் நடந்து, நாலு வீட்டில் தேநீர் குடித்தவர் அப்படிக் கேட்கமாட்டார். குறைந்தது முதல் நாளிலாவது கேட்கமாட்டார்.

ஆகவே நன்றியோடு ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன். நன்றிக் கடிதத்தில் விண்ணப்பம் வைப்பது அழகல்ல என்று என் மனைவி சொல்கிறார். குழுவில் இருந்து பழகிய கை, கேட்காமல் விடாது.

உங்கள் கட்டடத்தின் பெயரில் ஆராய்ச்சியும் இருக்கிறது. எங்களிடம் ஆராய வேண்டியது நிறையக் கிடக்கிறது. பாம்புக்கடியை எடுங்கள். வயலில் கதிர் அறுக்கும்போது, இரவில் காவலுக்குப் போகும்போது புடையன் (கண்ணாடி விரியன்) கொத்துகிறது. நாங்கள் ஏற்றுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது, இந்தியப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. நம்முடைய பாம்புக்கு அது எவ்வளவு கேட்கும், ஒவ்வாமை எவ்வளவு என்பது கடி வாங்குகிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை. சிறுநீரக நோயை எடுங்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டறியப்பட்ட, காரணம் பிடிபடாத அந்த நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரா, வயலுக்கு மருந்தடிப்பதா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது முதலில் மர்மக் காய்ச்சல் என்றே செய்தி வந்தது. வயலும் வெள்ளமும் எலியும் எங்களிடம்தான் அதிகம். பிறகு, ஷெல் துண்டு இன்னும் உடம்பில் இருக்கிறவர்கள், கால் இல்லாமல் உழுகிறவர்கள், முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறவர்கள். பொய்க்கால் போட்டு பதினைந்து வருடம் வயலில் நின்றவருடைய மறுகாலின் முழங்கால் என்ன ஆகும்? இதற்குப் பதிலை வேறு நாட்டுப் புத்தகத்தில் தேடுவதைவிட மாங்குளத்தில் தேடுவது கிட்ட.

அதே 2024 மே மாதம்தான் நெதர்லாந்தின் உதவியோடு மாங்குளத்தில் புனர்வாழ்வு வைத்தியப் பிரிவும் கிளிநொச்சியில் பெண்களுக்கான விசேட சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டன. உங்கள் கட்டடமும் அவையும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். அவற்றுக்கு ஆள் வேண்டும், உங்களுக்குப் பயிற்சிக் களம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஏ9 வீதி நல்ல காபெட்டோடு கிடக்கிறது. கிளிநொச்சியின் அறிவியல் நகரில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் ஏற்கெனவே இருக்கின்றன. பொறியியலும் விவசாயமும் ஆனையிறவைத் தாண்டி வந்தன, மருத்துவமும் வருடத்தில் சில வாரங்கள் தாண்டி வரட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். தங்கள் உடலை மருத்துவ பீடத்துக்கு எழுதிக் கொடுப்பவர்களைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது பேசுகிறார்கள். முந்தி அப்படிப் பேசினாலே வீட்டில் சண்டை வரும். எப்படிக் கொடுப்பது, யாரிடம் கேட்பது, எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் எப்படி என்று கேட்கிறார்கள். சடங்கை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாரில்லை, உடலைக் கொடுக்கத் தயார். தமிழில் ஒரு பக்கத்தில் விளக்கம் அச்சடித்து எங்கள் வைத்தியசாலைகளில் ஒட்டினால் உதவியாக இருக்கும். ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சரி, விண்ணப்பத்தை நறுக்காகச் சொல்லிவிடுகிறேன். காலபோக அறுவடை தை, மாசியில் வரும். வயல் முழுக்க ஆள் நிற்கும், பாம்பும் நிற்கும், கைகால் வெட்டுக்காயங்களும் கூட. அந்த நேரம் இறுதி வருட மாணவர்களில் ஒரு சிறு குழுவை, கூட ஒரு விரிவுரையாளரோடு, துணுக்காய் மல்லாவிப் பக்கம் அனுப்பிப் பாருங்கள். தங்குவதற்கு ஓய்வுபெற்றவர்களின் வீடுகளில் அறைகள் காலியாக இருக்கின்றன, பிள்ளைகள் எல்லாம் கனடாவில். சாப்பாட்டுக்குப் புது நெல்லுச் சோறும் வவுனிக்குளத்து மீனும் உண்டு. மாணவிகளுக்கு வேறாக இடம் பார்த்து வைப்போம். நுளம்பு வலை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். மார்கழிக்கு முன் அறிவித்தால் போதும், குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எடுத்து வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியின் ஒப்பத்தோடு முறையான கடிதமும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
துணுக்காயிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்